வாய்ஸ் மெசேஜ் எந்தக் கருவியில் ஒலிக்க வேண்டும்? விருப்பத்தைக் கணக்காக எழுதப் போய் மாட்டிக்கொண்டேன்

மேட்டூர்_வாசி

எம்.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட் தலைப்பு, பெர்வேசிவ் கம்ப்யூட்டிங் (சுற்றியுள்ள பொருள்களிலெல்லாம் கணினி கலந்திருப்பது) சூழலில் பயனரின் விருப்பத்தை வைத்துக் கருவியைத் தானாகத் தேர்ந்தெடுப்பது. சோதனைக்கூடம் எங்கள் வீடுதான்.

அம்மா சமைக்கும்போது கையில் மாவு இருக்கும், போனைத் தொட முடியாது. அதனால் ஒரு சின்ன நிரல் எழுதினேன். வேண்டியவர்களிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தால், ஹால் ஸ்பீக்கர், அம்மாவின் போன், ப்ளூடூத் இயர்போன் மூன்றில் எதில் போடுவது என்று அதுவே முடிவு செய்யும். அருகாமைக்கு 0.30, ஒலித்தரத்துக்கு 0.25, அந்தரங்கத்துக்கு 0.20, கை படாமல் கேட்பதற்கு 0.15, சார்ஜுக்கு 0.10 என்று எடை கொடுத்தேன். ஒவ்வொரு கருவிக்கும் பத்துக்கு மார்க் போட்டு, எடையால் பெருக்கிக் கூட்டினால் எது அதிகமோ அது.

போன ஞாயிறு அக்காவைப் பெண் பார்க்க நாமக்கல்லிலிருந்து வந்திருந்தார்கள். ஹாலில் எட்டுப் பேர். பஜ்ஜித் தட்டு கைமாறிக்கொண்டிருந்தபோது தரகரிடமிருந்து மெசேஜ். (அவரை ‘வேண்டியவர்கள்’ பட்டியலில் சேர்த்தது அம்மா.) ஸ்பீக்கர் கணீரென்று சொன்னது: “அம்மா, இந்த நாமக்கல் இடம் சரிப்படலன்னா கவலப்படாதீங்க, ஈரோட்ல இன்னொரு ஜாதகம் கைவசம் இருக்கு.”

அந்த நேரத்து லாக்கை (நிரல் எழுதிவைக்கும் பதிவை) எடுத்துப் பார்த்தேன். ஸ்பீக்கர்: அருகாமை 8, ஒலி 9, அந்தரங்கம் 1, கை படாமை 10, சார்ஜ் 10. மொத்தம் 7.35. இயர்போன்: 5, 7, 10, 8, 6. மொத்தம் 7.05. போன் 5.55. அதாவது 0.30 வித்தியாசத்தில் மானம் போயிருக்கிறது.

அந்தரங்கத்தின் எடையை 0.35 ஆக்கி, மற்றவற்றை அதே விகிதத்தில் குறைத்துப் பார்த்தேன். இயர்போன் 7.60, ஸ்பீக்கர் 6.16. சரியாகிவிட்டது என்று நினைத்தால், அம்மா தனியாக இருக்கும்போதும் எல்லா மெசேஜும் இயர்போனுக்கே போகிறது. அது எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எடையை எவ்வளவு வைத்தால் சரியாக வரும்?

பழைய_வயர்

தம்பி, எந்த எடையும் சரியாக வராது. கோளாறு எடையில் இல்லை, கூட்டலில் இருக்கிறது.

கூட்டினால் ஒன்றின் குறையை இன்னொன்றின் நிறை ஈடுகட்டிவிடும். உங்கள் ஸ்பீக்கர் அந்தரங்கத்தில் 1 வாங்கியது. ஒலியிலும் சார்ஜிலும் வாங்கிய மார்க்கை வைத்து அந்தக் கடனை அடைத்துவிட்டது. சாம்பாரில் பல்லி விழுந்த பிறகு, காய் பதமாக வெந்திருக்கிறதே என்று யாராவது மார்க் போடுவார்களா? சிலவற்றுக்கு ஈடே கிடையாது. அவற்றைக் கணக்குக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்த வேண்டும். “விருந்தாளி இருந்தால் ஸ்பீக்கர் கூடாது” என்பது ஒரு தடை. தடையில் கழிந்தது போக மிச்சம் இருப்பவற்றுக்கு மட்டும் மார்க் போடுங்கள்.

உளவியலாளர் ஏமோஸ் ட்வெர்ஸ்கி 1972-ல் இதை ஒட்டிய ஒரு மாதிரியை (மாடலை) சொன்னார். மனிதர்கள் எல்லா அம்சத்தையும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஓர் அம்சத்தை எடுத்து, அதில் தேறாதவற்றைத் தள்ளி, அடுத்த அம்சத்துக்குப் போகிறார்கள் என்பது அதன் சாரம். புடவைக் கடையில் பாருங்கள், முதலில் விலை, அப்புறம் நிறம், அப்புறம்தான் கரை.

உங்கள் பிரச்சினை புதிதும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஆலிவெட்டி ஆய்வகத்தில் ‘ஆக்டிவ் பேட்ஜ்’ என்று ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். ஏறக்குறைய 15 வினாடிக்கு ஒருமுறை அது அகச்சிவப்பில் தன் அடையாளத்தை அனுப்பும். ஆள் எந்த அறையில் இருக்கிறார் என்று தெரிந்துவிடும், அவருக்கு வரும் அழைப்பைப் பக்கத்தில் உள்ள தொலைபேசிக்குத் திருப்பலாம். அருகாமை என்ற ஒரே அம்சம். பயன்படுத்திப் பார்த்தவர்கள் கேட்டது என்ன தெரியுமா? மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பு என்னைத் தேடி வரக்கூடாது, அது என் கையில் இருக்க வேண்டும் என்பதுதான். உங்கள் வீட்டில் மேலதிகாரி இடத்தில் நாமக்கல்காரர்கள்.

சும்மா_வந்தேன்

எல்லாவற்றையும் ஆஃப் பண்ணிவிட்டு அம்மாவுக்குக் கை துடைக்க ஒரு துண்டு வாங்கிக் கொடுங்கள். ப்ராஜெக்ட் முடிந்தது.

அது சரி, கல்யாணம் என்ன ஆச்சு?

மேட்டூர்_வாசி

ஈரோட்டுக்கு ஜாதகம் போயிருக்கிறது.

கணக்கு_வாத்தி

தடை வைப்பது சரி. ஆனால் மிச்சம் இருப்பவற்றுக்கு எடை எங்கிருந்து வந்தது? 0.30, 0.25 என்பதெல்லாம் நீங்களே போட்டது. பயனரிடம் கேட்டுப் பெற வேண்டும். அதற்குத் தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய ஏஎச்பி முறை இருக்கிறது. இரண்டிரண்டாக வைத்து, எது எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 9 வரை கேளுங்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் அதையும் அந்த முறையே காட்டிக்கொடுக்கும். முரண் விகிதம் 0.10-க்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

மேட்டூர்_வாசி

சார், நேற்று இரவு முயன்று பார்த்தேன். ஐந்து அம்சம் என்றால் பத்து ஜோடி. அம்மாவை உட்காரவைத்து, “அருகாமை முக்கியமா அந்தரங்கம் முக்கியமா? எத்தனை மடங்கு?” என்று கேட்டேன்.

முதல் மூன்று கேள்விக்கு ஏதோ ஒரு எண் சொன்னார். நான்காவதில் சலித்துக்கொண்டார். “என்னடா கேள்வி இது? யாரு அனுப்பிருக்காங்க, வீட்ல யாரு இருக்காங்கன்னு பாத்துத்தானே சொல்ல முடியும்? மொட்டையா கேட்டா என்னத்தச் சொல்றது?” அப்புறம், “எதையாவது போட்டுக்கோ” என்று எழுந்து போய்விட்டார்.

இரவுப்பணி

வாத்தியார் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆறு கருவி உள்ள வீடு என்றால் அம்சங்களுக்கு 10 ஜோடி, ஒவ்வோர் அம்சத்திலும் கருவிகளுக்கு 15 ஜோடி, ஆக 85 கேள்வி. ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரம் வாங்க 85 கேள்விக்குப் பதில் சொல்லலாம். ஒரு வாய்ஸ் மெசேஜுக்கு யார் சொல்வார்கள்? புது இயர்போன் வாங்கினால் மறுபடி உட்கார வேண்டும்.

ஆனால் தம்பி, நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. “யாரு இருக்காங்கன்னு பாத்துத்தானே சொல்ல முடியும்” என்று அம்மா சொன்னாரே, அதுதான் உங்கள் மாதிரி. அதை அப்படியே எழுத ஒரு வடிவமே இருக்கிறது. சிபி-நெட் என்பார்கள். பூட்டிலியே, பிராஃப்மன், டாம்ஷ்லாக், ஹூஸ், பூல் என்ற ஐவர் 2004-ல் விரிவாக எழுதியது. அதில் எண்ணே கிடையாது. ‘மற்றவை எல்லாம் அப்படியே இருக்க, இப்படி இருந்தால் இதைவிட அது மேல்’ என்ற வாக்கியங்கள் மட்டும்தான்.

உங்கள் வீட்டுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

விருந்தாளி இருந்தால்: இயர்போன், அடுத்தது போன், கடைசியாக ஸ்பீக்கர்.
விருந்தாளி இல்லை, அம்மா அடுப்படியில்: ஸ்பீக்கர், அடுத்தது இயர்போன், அடுத்தது போன்.
விருந்தாளி இல்லை, அம்மா படுத்திருக்கிறார்: போன், அடுத்தது இயர்போன், கடைசியாக ஸ்பீக்கர்.

இந்த மூன்று வரியை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். சரி, தப்பு என்று உடனே சொல்வார். அந்தரங்கத்துக்கு 0.20 என்றால் சரியா தப்பா என்று அவரால் மட்டுமல்ல, என்னாலும் சொல்ல முடியாது.

குறையும் உண்டு. எவ்வளவு மேல் என்று அது சொல்லாது. சில ஜோடிகளை ஒப்பிடவே முடியாமல் போகும். எந்த இரண்டையும் எடுத்து எது மேல் என்று கேட்டால், இப்படி வாக்கியங்களைப் பின்னிய பொதுவான வலைக்கு அந்தக் கணக்கு மிகக் கடினமானது. ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை. இப்போதைய நிலைமையில் முதலிடம் எதற்கு என்பது போதும். வலையில் சுழற்சி (ஒன்று இன்னொன்றைச் சார்ந்து, அது திரும்ப முதலாவதையே சார்வது) இல்லாவிட்டால் மேலிருந்து கீழே ஒரு தடவை நடந்தாலே அது கிடைத்துவிடும்.

தரவு_தம்பி

2004-ஐ எல்லாம் ஏன் தோண்டுகிறீர்கள்? ஒரு மாதம் லாக் எடுங்கள். எந்தச் சூழலில் எதைத் தேர்ந்தார்கள் என்று பார்த்து ஒரு லாஜிட் மாதிரியை (ஒவ்வொன்றையும் தேர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவது) பழக்குங்கள். கேள்வியே கேட்க வேண்டாம்.

கணக்கு_வாத்தி

சாதாரண லாஜிட்டில் ஒரு பழைய குழி இருக்கிறது, அதில் விழுந்துவிடாதீர்கள். சிவப்பு பஸ், நீல பஸ் கதை என்பார்கள். உங்கள் வீட்டில் ஸ்பீக்கருக்கு பாதி, இயர்போனுக்கு பாதி வாய்ப்பு என்று மாதிரி கற்றுக்கொண்டது. அப்பா அச்சு அசலாக அதே ஸ்பீக்கர் இன்னொன்று வாங்கி அதன் பக்கத்திலேயே வைக்கிறார். மாதிரி என்ன செய்யும்? மூன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு தரும். அதாவது ஸ்பீக்கர் பக்கம் மூன்றில் இரண்டு. அம்மாவின் மனசு மாறவே இல்லை, கடை பில்தான் ஒன்று கூடியிருக்கிறது.

ஒரே மாதிரிக் கருவிகளை முதலில் ஒரு கூட்டாக்கி, எந்தக் கூட்டு, அப்புறம் அதற்குள் எது என்று இரண்டு படியாகத் தேர்ந்தால் இந்தக் கோளாறு வராது. வீட்டில் கருவிகள் கூடிக்கொண்டே போகும் என்பதால் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

இரவுப்பணி

லாக்கில் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நிரல் தப்பான கருவியைத் தேர்ந்தால் அம்மா என்ன செய்கிறார்? மாற்றுகிறாரா, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டு முடிக்கிறாரா?

மைக்கேல் மோசர் என்ற ஆய்வாளர் 1990-களில், அமெரிக்காவில் கொலராடோவின் போல்டரில் தன் சொந்த வீட்டையே இப்படி மாற்றினார். விளக்கையும் வெப்பத்தையும் வீடே கற்றுக்கொண்டு இயக்கும். எனக்குப் பிடித்தது அவர் வைத்த கணக்கு. மின்சாரச் செலவையும் ஆளின் அசௌகரியத்தையும் டாலராக மாற்றி, இரண்டின் கூட்டுத்தொகையைக் குறைக்கப் பார்த்தார். ஆள் கையால் சுவிட்சைத் தட்டினால் அது அசௌகரியம். தட்டாவிட்டால் சம்மதம்.

விளக்குக்கு அது பொருந்தும். சுவிட்ச் சுவரிலேயே இருக்கிறது, இருட்டில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வாய்ஸ் மெசேஜ் இருபது வினாடியில் முடிந்துவிடும். கையைத் துடைத்து, போனை எடுத்து, கருவியை மாற்றுவதற்குள் அது ஓய்ந்துவிடும். தரகர் பேசியபோது உங்கள் வீட்டில் யாராவது கருவியை மாற்றினார்களா?

மேட்டூர்_வாசி

இல்லை அக்கா. எல்லோரும் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போதுதான் லாக்கைத் திறந்தேன். அந்த மெசேஜுக்கு நேராக “மாற்றம் இல்லை, பயனர் ஏற்றார்” என்று பதிவாகியிருக்கிறது. மாற்றாவிட்டால் சம்மதம் என்று நானும் ஒரு வரி எழுதியிருந்தேன்; நிரல் அதை நல்ல உதாரணமாக எடுத்துக்கொண்டு, ஸ்பீக்கருக்குச் சாதகமாக எடையை ஒரு சிட்டிகை ஏற்றியும் இருக்கிறது.

பழைய_வயர்

இதை ரிப்போர்ட்டில் அப்படியே போடுங்கள் தம்பி. தேர்வாளர் சிரித்துவிட்டு மார்க் போடுவார்.

இன்னொன்று. தப்புகள் எல்லாம் ஒரே விலை இல்லை. தனியாக இருக்கும்போது இயர்போனுக்குப் போனால், அம்மா அதைத் தேட வேண்டும், எரிச்சல், அவ்வளவுதான். ஆள் இருக்கும்போது ஸ்பீக்கருக்குப் போனால் சம்பந்தமே போகிறது. கற்கும் நிரல் இரண்டையும் ஒரே தப்பாக எண்ணினால், நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்று பெருமை பேசிக்கொண்டே மிச்சப் பத்தில் வீட்டைக் கவிழ்க்கும். சும்மா முயன்று பார்ப்போமே என்று புதுக் கருவியில் போட்டுப் பார்க்கும் பழக்கமும் கற்கும் நிரல்களுக்கு உண்டு. அந்த ‘முயன்று பார்த்தலை’ தடைகளுக்கு உள்ளே மட்டும் அனுமதியுங்கள்.

அடுப்படி_ஐஓடி

நடைமுறையில் இருந்து இரண்டு வார்த்தை. வேலையே ப்ளூடூத்தோடுதான்.

‘அருகாமை 8’ என்று எழுதியிருக்கிறீர்கள், எப்படி அளந்தீர்கள்? சிக்னல் வலுவை வைத்துத்தானே? ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது, மனித உடம்பு அதை நன்றாகவே விழுங்கும். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றால் ஒரு எண், ஹால் பக்கம் திரும்பினால் இன்னொரு எண். 7.35-க்கும் 7.05-க்கும் உள்ள 0.30 வித்தியாசம், அவர் கரண்டியை எடுக்கத் திரும்பியதில் வந்ததாகக்கூட இருக்கலாம். அதனால் கருவி இங்கும் அங்கும் தாவும். மெசேஜ் பாதி ஸ்பீக்கரில், பாதி இயர்போனில்.

ஃபிரிட்ஜ் தெர்மோஸ்டாட் போல ஒரு இடைவெளி வையுங்கள். இப்போது ஓடும் கருவியைவிட இன்னொன்று கொஞ்சம் நன்றாக இருந்தால் மாறாதே, நிறைய நன்றாக இருந்து, அதுவும் சில வினாடி தொடர்ந்தால் மாறு. மெசேஜ் நடுவில் எக்காரணம் கொண்டும் மாறாதே. மாறுவதற்கே ஒரு விலை உண்டு. அந்த விலையும் பயனரின் விருப்பத்தில் சேர்த்தி.

ஐபோனில் ஏர்பாட்ஸ் அமைப்பைப் பாருங்கள். ‘இந்த ஐபோனோடு இணை’ என்பதற்கு இரண்டே பதில்: தானாக, அல்லது கடைசியாக இந்த ஐபோனோடு இணைந்திருந்தால் மட்டும். உலகத்திலேயே சின்ன விருப்ப மாதிரி அதுதான், ஒரே ஒரு பிட். பக்கத்துப் பக்கத்தில் பல எக்கோ (அமேசானின் பேசும் ஸ்பீக்கர்) இருந்தால் எது பதில் சொல்வது என்பதற்கு அமேசான் 2016-ல் கொண்டுவந்த வழி, யாருக்குக் குரல் தெளிவாகக் கேட்டதோ அது. ஆப்பிளின் குரல் உதவியாளர் சிரி உள்ள கருவிகள் ப்ளூடூத்தில் தங்களுக்குள் பேசி ஒன்றைப் பதில் சொல்ல விடுகின்றன. இந்தக் குரல் கருவிகள் பெரும்பாலும் எதற்குத் தெளிவாகக் கேட்டது என்பதைத்தான் பார்க்கின்றன. கூட யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

ஹால்_படிப்பாளி

எல்லோரும் அம்மாவின் விருப்பத்தையே பேசுகிறீர்கள். ஹாலில் உட்கார்ந்து பன்னிரண்டாம் வகுப்புக்குப் படிக்கிறவளுக்கு விருப்பம் கிடையாதா? எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் அப்பா பெயரில், போன் அம்மா பெயரில், இரைச்சல் மட்டும் என் பெயரில்.

இரவுப்பணி

நல்ல கேள்வி கண்ணு. கருவியின் சொந்தக்காரர், மெசேஜ் யாருக்கோ அவர், காதில் விழுகிறவர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். பெரும்பாலான மாதிரிகளில் முதல் இருவரும் ஒருவரே என்று வைத்துக்கொண்டு, மூன்றாமவரை ‘சூழல்’ என்ற பெட்டியில் தள்ளிவிடுகிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சராசரி எடுத்தால் உன்னைப் போல ஒருத்தி எப்போதும் தோற்பாள். பரிந்துரை அமைப்புகளில் (படம், பாட்டு சிபாரிசு செய்யும் நிரல்களில்), குழுவில் யாருக்கு மிகவும் பிடிக்கவில்லையோ அவர் மார்க்கையே குழுவின் மார்க்காக எடுக்கும் வழி ஒன்று உண்டு. ஸ்பீக்கர் போன்ற பொதுக் கருவிக்கு அதைத்தான் வைப்பேன். தனிக் கருவிக்கு வேண்டாம்.

மேட்டூர்_வாசி

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எழுதியதையெல்லாம் கலைத்துவிட்டுத் திரும்ப எழுதினேன். முதலில் தடைகள். அப்புறம் இரவுப்பணி அக்கா எழுதிக் கொடுத்த மூன்று வரி. அம்மாவிடம் வாசித்துக் காட்டியதில் மூன்றாவதைத் திருத்தினார்: “படுத்திருக்கும்போது எதுலயும் போடாதே, எழுந்து கேட்டுக்கறேன்.” எதிலும் போடாமல் இருப்பதும் ஒரு தேர்வு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பட்டியலில் ‘எதுவும் வேண்டாம்’ என்று ஒரு கருவியைச் சேர்த்தேன். எடைக் கணக்கு, இரண்டு கருவி சமமாக நிற்கும்போது மட்டும்தான் வருகிறது. மாற்றாவிட்டால் சம்மதம் என்ற வரியை எடுத்துவிட்டேன்.

ஆனால் விருந்தாளி இருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதில் நிற்கிறேன். கேமரா வைக்க வீட்டில் சம்மதம் இல்லை. வைஃபையில் புதுப் போன் சேர்ந்தால் விருந்தாளி என்று பார்த்தேன். வருகிறவர்கள் யாரும் பாஸ்வேர்டு கேட்பதில்லை, அவரவர் டேட்டாவில் இருக்கிறார்கள்.

இதற்கிடையில் அம்மா என் நிரலை நம்புவதில்லை. கேட் சத்தம் கேட்டாலே முதல் வேலையாக ஹாலுக்குப் போய் ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார். அதனால் சோதனைத் தரவும் கெடுகிறது. லாக்கில் வெறும் “கருவி கிடைக்கவில்லை” என்றுதான் வருகிறது.

பழைய_வயர்

தம்பி, சென்சார் கையிலேயே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால் விருந்தாளி வந்தாச்சு என்று எழுதுங்கள்.

மேட்டூர்_வாசி

சார்!!

கரண்ட் போனாலும் ஸ்பீக்கர் மறையுமே?

அடுப்படி_ஐஓடி

டிவியும் சேர்ந்து மறைந்தால் கரண்ட். ஸ்பீக்கர் மட்டும் மறைந்தால் அம்மா. ரவுட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கிறதா?

மேட்டூர்_வாசி

இருக்கிறது. டிவி எப்போதும் ஸ்டாண்ட்பையில்தான் கிடக்கும், நெட்வொர்க்கில் தெரியும். பழைய லாக்கையும் எடுத்துப் பார்த்தேன். ஈரோட்டுக்காரர்கள் வந்த அன்று ஸ்பீக்கர் நான்கு மணிக்கு மறைந்து ஆறே காலுக்குத் திரும்ப வந்திருக்கிறது. அவர்கள் காபி குடித்துக் கிளம்பியது ஆறு மணிக்கு.

சும்மா_வந்தேன்

அப்போ ஈரோடு?

மேட்டூர்_வாசி

தை மாதம். பத்திரிகை அடித்ததும் இங்கே போடுகிறேன்.